ஆம்புலன்ஸ் பட்டன்

இசைப்பிரியாவுக்கு அம்மை போட்டிருந்த அந்த வாரத்தில் அவளோடு பேச வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அம்மா, அப்பா, மிஸ்.

மிஸ் என்றால் பள்ளிக்கூடத்து மிஸ் இல்லை. சிவப்பு மூடி போட்ட ஒரு பொம்மை. ஜியாமெட்ரி பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. திறந்தால் குட்டி லேப்டாப் மாதிரி விரியும். ஏ முதல் இசட் வரை பட்டன்கள், எண்களுக்குத் தனி பட்டன்கள், தீப்பெட்டி அளவில் ஒரு திரை, ஓரமாகப் படம் போட்ட பட்டன்கள் ஒரு வரிசை. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் கேள்வி கேட்கும். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் அதை வாங்கி வந்தவர் சிங்காரவேல் மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

"பள்ளிக்கூடம் போவாட்டி என்னா? பள்ளிக்கூடமே வூட்டுக்கு வந்துட்டுது பாரு" என்று ஜன்னல் கம்பி வழியாக நீட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் நுழைவதில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் போதும், சிலிண்டர் போடுகிறவர்கூடக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் குரல் கொடுப்பார்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை வேப்பிலை மேல் படுக்கவைத்து, அரிக்கிற உடம்பைச் சொறியாதே என்று சொல்வதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை. அதனால் காலையிலிருந்து மாலைவரை மிஸ்ஸே கதி என்று கிடந்தாள். மிஸ் கூட்டல் கணக்குக் கேட்பாள். சரியாகச் சொன்னால் "எக்ஸலண்ட்!" தப்பாகச் சொன்னால் "சாரி. ட்ரை அகெய்ன்." பத்துக் கணக்கும் வரிசையாகச் சரியாகிவிட்டால் பெரிய கைதட்டலும் ஒரு பாட்டும் உண்டு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததாக அப்பா படித்துச் சொன்னார். பெரிய கைதட்டலை இசைப்பிரியா இதுவரை கேட்டதில்லை. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ எங்காவது சறுக்கிவிடும்.

மிஸ்ஸிடம் இன்னொரு குணமும் இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் தானாகவே கூப்பிடுவாள். "ஹலோ! ஆர் யூ தேர்?" முதல் தடவை தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தபோது இசைப்பிரியா போர்வைக்குள் சுருண்டுவிட்டாள். "இருக்கேன் மிஸ்" என்று பதில் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அதுகிட்ட ஜாக்கிரதையா இரு பாப்பா. சைனாவுலேருந்து வந்தது. அதுக்கு எல்லாம் தெரியும்" என்று அப்பா கண்ணைச் சிமிட்டினார்.

அப்பா கலைச்செல்வன் அப்படித்தான். எதையும் விளையாட்டாகப் பேசுவார். பேசிவிட்டு மறந்தும் விடுவார். கேட்டுக்கொண்ட பிள்ளை மறக்காது என்பது அவருக்குத் தெரியாது. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் அவருக்கு வேலை. பல வருடம் கான்ட்ராக்டில் மண் சுமந்து, போன வருடம்தான் பர்மனென்ட் ஆனார். சுரங்கத்து டவுன்ஷிப்பில் இந்த குவார்ட்டர்ஸ், கேட், முருங்கைக் கன்று எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை.

அப்பா சொன்னது சரிதான் என்று இசைப்பிரியாவுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஓரத்துப் படங்களில் மாடு இருந்தது. அதை அமுக்கினாள். பொம்மை "அம்மா" என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நிஜ மாடு நின்று முருங்கைக் கன்றை மேய்ந்துகொண்டிருந்தது. டவுன்ஷிப்பில் மாடு வராத நாள் உண்டா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க அங்கே பெரியவர்கள் இல்லை. நாய்ப் பட்டனை அமுக்கினாள். தெருக்கோடியில் நாய் குரைத்தது. ரயில் பட்டனை அமுக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கோ தூரத்தில் கூவென்று ஒரு சத்தம். மிஸ் கூப்பிட்டால் வருகிறது. உடனே வரலாம், மெதுவாக வரலாம். வராமல் மட்டும் இருப்பதில்லை.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பொம்மை பரண்மேல் போய்விடும். ஆனால் வரிசையில் கடைசியாக இருந்த படத்தை மட்டும் அவள் தொடவே இல்லை. வெள்ளை வண்டி, மேலே சிவப்பு விளக்கு. மாடு வந்தால் விரட்டலாம். ஆம்புலன்ஸ் வந்தால் யார் விரட்டுவது?

அன்றைக்கு அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடிவதற்கு முன்பே பஸ் ஏறிப் போயிருந்தார். வெயில் ஏறிய நேரம். அம்மா அம்சவல்லி சமையலறையில் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மை வீடு என்பதால் தாளிப்பு இல்லை, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. இசைப்பிரியா கணக்கு அலுத்துப்போய்ப் படப் பட்டன்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மாடு, நாய், ரயில். விரல் கடைசிப் பட்டனில் வந்து நின்றது. அமுக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அது மற்றவற்றைவிட வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மிஸ் கூப்பிட்டாள். "ஹலோ! ஆர் யூ தேர்?"

திடுக்கிட்டதில் விரல் அமுங்கிவிட்டது.

பொம்மை ஊளையிட்டது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. அவள் மூடியைப் பட்டென்று சாத்தி, அதன் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். சத்தம் வயிற்றுக்கு அடியில் அடங்கியது. வராது, வராது என்று சொல்லிக்கொண்டாள். ஒரு நிமிடம் எல்லாம் அமைதியாக இருந்தது.

பிறகு சுரங்கத்துப் பக்கமிருந்து சைரன் ஊதியது.

டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு சைரனைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிப்ட் மாறும்போது ஊதுவது ஒரே மூச்சில் நேராக ஊதி நிற்கும். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. இது ஷிப்ட் நேரமும் இல்லை. இது நேராகவும் ஊதவில்லை. பொம்மை ஊதியது மாதிரியே ஏறி இறங்கியது.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா கையில் கூழ் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒவ்வொரு கேட்டாகத் திறக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற பெண்கள் எல்லோரும் வெளியே வந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், சுரங்கம் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போகும்போது செல்லை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"ஒண்ணும் இருக்காது அம்சவல்லி. எங்க வீட்டுக்காரரும்தான் போன் எடுக்கல. பதறாதீங்க" என்றாள் பக்கத்து வீட்டு புவனா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. அவள் இடுப்பில் கைக்குழந்தை. சொல்லிவிட்டு அவளும் தன் செல்லைத்தான் பார்த்தாள்.

இசைப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். நான்தான் அமுக்கினேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அது உண்மையாகிவிடுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

உச்சி வெயிலில் சிங்காரவேல் மாமாவின் மொபெட் தெருமுனையில் திரும்பியது. அந்த நேரத்தில் அவர் வர வேண்டியவரே இல்லை. அவரும் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள், செகண்ட் ஷிப்ட், மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. ஆனால் அன்றைக்குக் கான்ட்ராக்ட்காரர் முன்கூட்டியே கூப்பிட்டு வாய்க்கால் தூர் எடுக்க விட்டிருந்தார். மாமாவின் கால் முட்டிவரை சேறு. வண்டியை ஸ்டாண்ட் போடாமல் அப்படியே கீழே சாய்த்தார்.

"அம்சா, பதறாத. மாப்ளைக்கு என்னமோ ஆயிடிச்சி."

"என்னாண்ணே? என்னா ஆயிடிச்சி?"

"பெல்ட்டாண்ட. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிகினு வந்தாங்க. நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். தலையில கட்டு, சட்டையெல்லாம் ரத்தம். கண்ணு மூடியிருந்துது. கத்திக் கூப்பிட்டேன், திரும்பல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க."

ஆம்புலன்ஸ். அந்த ஒரு வார்த்தைதான் இசைப்பிரியாவின் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் அப்புறம்தான் புரிந்தது.

அம்மா கத்தவில்லை. அம்மை போட்ட வீட்டில் சத்தம் போட்டு அழக் கூடாது என்பது அந்த நிலையிலும் அவளுக்கு நினைவிருந்தது. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்தாள். மகளை மொபெட்டில் உட்காரவைத்துக்கொண்டு போகலாம் என்றால் உடம்பெல்லாம் கொப்புளம், அதோடு ஆஸ்பத்திரி. புவனா வீட்டில் விடலாம் என்றால் அங்கே கைக்குழந்தை.

"என் நிலைமை உங்களுக்கே தெரியும். நான் இந்தச் சுவரோரமாவே நின்னு பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க" என்றாள் புவனா.

அம்மா இசைப்பிரியாவின் முகத்தை ஏந்திக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் வியர்வை. "உள்தாழ்ப்பாள் போட்டுக்க. சொறியக் கூடாது. நான் வந்தாத்தான் திறக்கணும். வேற யாரு வந்து கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது, கேட்டியா?"

"அம்மா..."

"என்னா?"

"ஒண்ணும் இல்லம்மா."

மொபெட் போய்விட்டது. இசைப்பிரியா தாழ்ப்பாளைப் போட்டாள். வீட்டில் அவளும் மிஸ்ஸும் மட்டும் இருந்தார்கள்.

பொம்மையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எறிந்தால் அப்பாவைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரைக் கேட்பது? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது மிஸ். போகச் சொல்ல வேண்டியதும் மிஸ்தான். மிஸ்ஸுக்கு எது பிடிக்கும் என்று யோசித்தாள். கணக்குச் சரியாகச் சொன்னால் பிடிக்கும். பத்தும் சரியாகச் சொன்னால் எழுந்து கைதட்டி, பாட்டுப் பாடுகிற அளவுக்குப் பிடிக்கும். பாட்டுப் பாடுகிறவள் அப்பாவை வைத்துக்கொள்ள மாட்டாள். யோசிக்க யோசிக்க அதுவே சரி என்று பட்டது. பெரிய கைதட்டல் வந்தால் அப்பா வருவார்.

மூடியைத் திறந்தாள். திரை மங்கலாக இருந்தது. "ஹ...லோ" என்று மிஸ் இழுத்தாள். ஒரே நாளில் மிஸ்ஸுக்கு வயதாகிவிட்டது போல குரல் கனத்து, கொழகொழத்து வந்தது. மிஸ் கோபமாக இருக்கிறாள்!

பேட்டரி தீர்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்தான். டிவி ரிமோட்டுக்கு அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறாள். பின்பக்கம் திறந்து, இரண்டு பேட்டரியையும் எடுத்து, பாவாடையில் தேய்த்து, ஜன்னல் விளிம்பில் வெயில் படுகிற இடத்தில் வைத்தாள். காத்திருந்தாள். வெளியே புவனாவின் குழந்தை வீறிட்டு அழுதது. "இரும்மா, இதோ வந்துடறேன்" என்று சுவருக்கு அப்பாலிருந்து சொல்லிவிட்டுப் புவனா உள்ளே போனாள். தெரு வெறிச்சோடியது. பேட்டரியை மாட்டிப் பார்த்தாள். குரல் கொஞ்சமும் தேறவில்லை.

சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று கேட்டது. அதனுள்ளும் இதே மாதிரி பேட்டரிதான். போன பொங்கலுக்கு அப்பா மாற்றும்போது அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கொப்புளம் உரசி எரிந்தது. கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி, வெறும் கடிகாரத்தைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தாள். டிக் டிக் நின்றதும் வீட்டில் இருந்த கடைசித் துணையும் போய்விட்டது போலிருந்தது. இனி அப்பாவின் ஷிப்ட் எப்போது முடியும் என்றுகூடத் தெரியாது.

கடிகாரத்துப் பேட்டரி ஒன்று, பழையது ஒன்று. மிஸ்ஸின் குரல் பாதி தேறியது. "லெட்ஸ் ப்ளே!"

"சரி மிஸ்" என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கணக்கு எளிது. இரண்டாவதும். "எக்ஸலண்ட்!" ஒவ்வொரு எக்ஸலண்ட்டுக்கும் அப்பா ஓர் அடி எடுத்து வைப்பதாக நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது வந்தபோது ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆறாவதில் செருப்பைத் தேடினார். விரல்களை மடக்கி, நீட்டி, போதாததற்குக் கால்விரலையும் சேர்த்து எண்ணினாள். கழுத்தில் அரித்தது. சொறியவில்லை. எட்டாவது சரி. ஒன்பதாவது சரி. இதுவரை இங்கே வந்ததே இல்லை.

பத்தாவது கணக்கு. எட்டும் ஏழும்.

அவளுக்கு அது தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் ஒரு தரம் விரலில் எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள், இம்முறை ஒன்று அதிகமாக வந்தது. எது சரி? "ஹலோ! ஆர் யூ தேர்?" என்று மிஸ் அவசரப்படுத்தினாள். முதலில் ஒன்று என்ற பட்டனை அமுக்கினாள். அடுத்து ஐந்துக்குப் போன விரல் கடைசி நேரத்தில் சந்தேகப்பட்டு ஆறில் விழுந்தது.

"சா...ரி" என்றாள் மிஸ். "ட்ரை..." அதற்குமேல் குரல் ஆண்குரலாகத் தடித்து, தேய்ந்து, நின்றுவிட்டது. திரை அணைந்தது.

அகெய்ன் வரவில்லை. தட்டிப் பார்த்தாள், உலுக்கினாள், "அகெய்ன் சொல்லு மிஸ்" என்று கெஞ்சினாள். வரவே இல்லை. இன்னொரு தடவை கிடையாது என்று மிஸ் சொல்லிவிட்டாள். இசைப்பிரியா வேப்பிலையை அள்ளி முகத்தில் போட்டு மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அப்பா செத்துப்போய்விட்டார். ஒரு கணக்கில் செத்துப்போய்விட்டார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"பாப்பா! அம்சா! கதவைத் திற."

அப்பாவின் குரல்.

அவள் எழுந்துபோய் ஜன்னல் விளிம்பில் கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தாள். வாசல்படியில் அப்பா நின்றார். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, நெற்றிப் பக்கம் சிவப்பாக ஊறியிருந்தது. காக்கிச் சட்டையில் கழுத்திலிருந்து வயிறுவரை ரத்தம். அம்மா கூட இல்லை, மாமா கூட இல்லை. ஆம்புலன்ஸில் போனவர் தனியாக நடந்து வந்து வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இசைப்பிரியா ஜன்னலைச் சாத்தினாள்.

வெளியே கலைச்செல்வனுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. பெண் தன்னைப் பார்த்துவிட்டு ஒளிகிறாள் என்று நினைத்தார். விவஸ்தை கெட்ட மனிதர், குரலை நடுங்கவைத்து முனகினார். "ஆ... வலிக்குதே... பாப்பா, அப்பாவுக்குத் தண்ணி குடு... ரத்தம் போவுதே..."

அவள் நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்தது. கால் வழியாகச் சூடாக இறங்கித் தரையில் தேங்கியது. நகரவே முடியவில்லை. பிறகு அவள் போட்ட கூச்சலில் கலைச்செல்வனின் சிரிப்பு ஒரே நொடியில் ஓடிப்போயிற்று.

"பாப்பா! ஏய், பாப்பா! அழுவாத. அப்பாதான். இது நிஜ ரத்தம் இல்லடா, குங்குமம். தண்ணியில கரைச்சி ஊத்துனாங்க. அம்மா எங்க?"

"நீ செத்துட்டியா?"

வெளியே கலைச்செல்வன் கதவோரமாகக் குந்தி உட்கார்ந்தார்.

"இல்லடா" என்றார் அப்பா. இப்போது அவர் குரலும் சரியாக இல்லை. "சாவல. கதவைத் திற."

"அம்மா திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"நான் அப்பா, பாப்பா."

அவள் யோசித்தாள். "எட்டும் ஏழும் எவ்ளோ?"

"என்னாது?"

"எட்டும் ஏழும்!"

"பதினஞ்சு."

செத்தவர்களுக்குக் கணக்கு வராது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஆனால் அவள் தப்பாகச் சொன்ன இடத்தில் அப்பா சரியாகச் சொல்லிவிட்டார். தாழ்ப்பாளை எடுத்தாள். அப்பா அவளை அள்ளிக்கொண்டார். கிரீஸும் வியர்வையும் கலந்து, ஷிப்ட் முடிந்து வரும்போது வழக்கமாக வீசுகிற அதே வாடை. அதற்குப் பிறகுதான் அவளும் அவரைக் கட்டிக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். சுரங்கத்தில் அன்றைக்கு மாக் டிரில். விபத்து நடந்தால் எத்தனை சீக்கிரம் ஆளை மீட்கிறார்கள் என்று ஒத்திகை பார்ப்பது. அடிபட்டவனாகப் படுக்க எடை குறைந்த ஆளாகத் தேடினார் ஆபீஸர். கலைச்செல்வன் ஒல்லி, அதற்குமேல் புதிதாக பர்மனென்ட் ஆனவர். சார் படு என்றால் படுக்க வேண்டியதுதான். வீட்டுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டதற்கு, சொன்னால் அது எப்படி டிரில் ஆகும் என்று சிரித்தார்களாம். வாய்க்காலில் நின்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிவரை போயிற்று. அங்கே எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் ஷிப்ட் முடிவதற்கு முன்பே அவரை விட்டுவிட்டார்கள். பாப்பாவுக்கு வேடிக்கை காட்டலாம் என்று குங்குமத்தைக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மொபெட் வந்து நின்றது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. "அவரு எழுந்து டீ குடிச்சிட்டுப் போயிட்டாரேம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவள் வாசலில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தை உருவி, அப்பாவை முதுகிலும் தோளிலும் மாறி மாறி விளாசினாள். இலைகள் பறந்தன.

"வூட்டுல அம்மை போட்டிருக்குது. வாசல்ல வேப்பிலை இருக்குது. நீ பொணமாட்டம் படுத்துட்டு வர்றியா? ரத்தத்தோட வந்து வாசப்படியில நிக்கிறியா? யாருய்யா உன்னை மனுஷன்னு சொன்னது?"

"அம்சா, சார் சொல்லும்போது நான் எப்படி..."

"பேசாத!" என்றவள் கொத்தைக் கீழே போட்டுவிட்டு, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள். அவள் கையெல்லாம் குங்குமம் ஆனது. சிங்காரவேல் மாமா கேட்டுக்கு வெளியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவின் அழுகை அடங்கிய பிறகுதான் இசைப்பிரியா சொன்னாள். "நான்தான் அமுக்கினேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடு, நாய், ரயில், கடைசிப் பட்டன் என்று அவள் தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தாள். அம்மா கவிழ்ந்து கிடந்த கடிகாரத்தைப் பார்த்தாள், ஈரமாகியிருந்த தரையைப் பார்த்தாள். நிலைப்படியிலேயே உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா தலைக்கட்டைப் பிய்த்தெடுத்தார். செய்த தப்புக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். பொம்மையை எடுத்துக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

"இது வெறும் பிளாஸ்டிக் பாப்பா. இது கூப்பிட்டு எதுவும் வராது. சைரன் தானா ஊதுனது, நீ ஊதவைக்கல. இப்ப உன் எதிர்லயே நான் அமுக்குறேன். எதுவும் ஆவாது, பாரு."

"வேணாம்ப்பா!"

"பயப்படாத. பாத்துகினே இரு."

பேட்டரியைக் கழற்றி மாற்றி மாட்டி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். திரையில் லேசாக வெளிச்சம் வந்தது. கட்டைவிரலை அந்த வெள்ளை வண்டிமேல் வைத்தார்.

சிங்காரவேல் மாமா மொபெட்டை நிமிர்த்தி, ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஷிப்ட் இனிமேல்தான். மண் வெட்டுகிற இடத்துக்குக் கீழே இறங்க வேண்டும். வார் மாட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"மாப்ள" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். "நான் போயி வேலைய முடிச்சிட்டு மேல ஏறி வந்துடறேன். அப்புறமா அமுக்கேன்."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். நாளைக்கும் அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்தான். விரல் பட்டன்மேல் இருந்தது, அமுங்கவில்லை. அமுக்குங்களேன் என்று அம்மா சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெருவில் ஒரு மாடு நடந்து போயிற்று.

"பேட்டரி வேற வீணாவும்" என்றார் அப்பா.

பொம்மையைத் திருப்பி, பின்மூடியைத் திறந்து, கடிகாரத்துப் பேட்டரியை எடுத்தார். மற்றதையும் எடுத்தார். இரண்டையும் சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டார். பித்தான் மூன்றாவது தடவையில்தான் மாட்டியது என்பதை மடியிலிருந்தபடியே இசைப்பிரியா பார்த்தாள்.

காலையிலிருந்து அவள் பயந்ததெல்லாம் ஒரு பயம். இது வேறு. இத்தனை நேரமும், அப்பா வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்கு இருந்தது. இப்போது அப்பா வந்துவிட்டார், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரும் பயப்படுகிறார். அவள் அம்மாவின் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மொபெட் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.